எரிந்த உலை இறங்குமிடம்

கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பெயர். கேட்பதற்கு மேடையில் ஒன்பது பேர், கருத்துச் சொல்ல எதிரே ஊர்க்காரர்கள் எண்ணூறு பேர், நடுவில் நாலு வரிசை போலீஸ். சங்குமுனை மாதா கோயில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை கட்டி, ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் நாற்காலியையும் தொடவில்லை, பாட்டிலையும் தொடவில்லை. வெயிலில் மணலில் உட்கார்ந்தார்கள். நாற்காலிகளை நிறைத்தவர்கள் வெளியூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஆதரவாளர்கள். எதை ஆதரிக்க வந்திருக்கிறோம் என்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. புது ரோடு எப்போது வரும் என்று ஒருத்தர் பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மேடையில் கடைசி நாற்காலி செண்பகவல்லிக்கு. கோவில்பட்டிக்காரி. அணு விண்கலத் திட்டத்தில் உலைப் பாதுகாப்புப் பொறியாளராகப் பதினெட்டு வருடம் ஆகிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் மேடையேறி, எரிந்த உலை உங்கள் கடலுக்குத் திரும்பி வராது என்று மைக்கில் சொன்னவள் அவள்தான். எழுத்திலும் கொடுத்தாள். இன்றைக்கு அதே வாயால், வரப்போகிறது என்று சொல்ல வேண்டும். நியாயமாக இதற்கு இயக்குநர் நீலமேகம் வந்திருக்க வேண்டும். அவருக்கு டில்லியில் வேலை. இந்த மாதிரி நாட்களில் அவருக்கு எப்போதும் டில்லியில்தான் வேலை இருக்கும்.

ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார் எழுந்து மைக்குக்கு வந்தார். ஐம்பது வயது, இரண்டு படகுக்குச் சொந்தக்காரர். கையில் ஒரு காகிதம், லேமினேட் செய்தது.

"மேடம், இது உங்க கையெழுத்துதானா?"

"என்னுதுதான்."

"என்ன எழுதிருக்குன்னு நீங்களே வாசிங்க. எனக்குக் கண்ணாடி இல்ல."

கண்ணாடி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. செண்பகவல்லி வாசித்தாள். "ஒருமுறை இயக்கப்பட்ட அணு உலை எதுவும் ஆயிரம் கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே கொண்டுவரப்படாது. மாற்றம் தேவைப்படின் ஊர்ப் பொதுமக்களின் சம்மதம் பெறப்படும்."

"இப்பம் எத்தன கிலோமீட்டருக்குக் கேக்குதிய?"

"முந்நூறு. அப்புறம் கொஞ்ச நாள்ல கடல்ல இறங்கிடும். கரையிலேருந்து நூத்தம்பது கிலோமீட்டர் தள்ளி."

அப்போதுதான் ஊர்க்காரர்கள் முதல்முறையாகத் தண்ணீர் பாட்டில்களைத் தொட்டார்கள், எறிவதற்கு. ஒன்று கலெக்டரின் மேஜையில் விழுந்தது, ஒன்று செண்பகவல்லியின் தோளில். போலீஸ் லத்தியைத் தூக்க, பஸ்ஸில் வந்தவர்கள் பஸ்ஸைப் பார்த்து நடக்க, கலெக்டர் மைக்கில் அமைதி அமைதி என்று பத்து நிமிஷம் கத்த வேண்டியிருந்தது.

அடுத்து மைக்கைப் பிடித்தவள் கஸ்பாரின் தங்கை மெற்றில்டா. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இயற்பியல் டீச்சர். பாட்டில் எறிகிறவர்களைச் சமாளித்துவிடலாம். கேள்வி கேட்கிறவளைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

"போகும்போது ஆபத்தில்லன்னு சொன்னிய. வரும்போது மட்டும் என்ன?"

"போகும்போது அது பத்த வைக்காத அடுப்பு. யுரேனியத்தைக் கையுறை போட்டுத் தூக்கலாம். மேலே போனப்புறம்தான் பத்த வைப்போம். எரிஞ்சப்புறம் உள்ளே தங்குற சாம்பல்தான் விஷம்."

"எத்தன வருசத்துக்கு?"

"பெரும்பகுதி முந்நூறு வருஷத்துல அடங்கிடும்."

"பெரும்பகுதி," என்றாள் மெற்றில்டா, பையன் சொன்ன தப்பு விடையை வகுப்புக்குத் திருப்பிச் சொல்வது போல. "சரி, எதுக்கு அந்த அடுப்பு? சும்மா ராக்கெட்டு போகாதா?"

"போகும். செவ்வாய்க்கு ஒன்பது மாசம் ஆகும். இதுல நாலே மாசம். வெட்டவெளியில இருக்கிற கதிர்வீச்சு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். அஞ்சு மாசம் குறைஞ்சா பாதி தப்பிச்சாங்க. போறவங்களுக்கு உலை இல்லாமப் போறதைவிட உலையோட போறதுதான் பத்திரம்."

"போறவங்களுக்குப் பத்திரம். விழுறது எங்க தலையில. வேற கடலே இல்லையா?"

"ஒப்பந்தம் அப்படி. எரிஞ்ச உலையை அவங்கவங்க நாட்டுக் கடல் எல்லைக்குள்ளதான் இறக்கலாம். ரெண்டாயிரம் மீட்டர் ஆழத்துல போய் உக்காந்துடும். கசியாத மாதிரிதான் ஓடு செஞ்சிருக்கோம்."

"அந்தப் பூட்டையும் பிரியுத மாதிரிதான செஞ்சிய."

விஷயமே அந்தப் பூட்டுதான். செவ்வாய்க்குப் போய்விட்டுத் திரும்பிய கப்பலில், ஆட்கள் இருக்கும் அறையும் உலையும் மேலேயே தனித்தனியாகப் பிரிய வேண்டும். உலை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், அறை மட்டும் பூமிக்கு இறங்கும். பிரிக்கிற பூட்டு இறுகிக்கொண்டது. ஆயிரம் கிலோமீட்டர் உயரத்துக்கு மீட்புக் கலம் எட்டாது. மொத்தக் கப்பலையும் முந்நூறுக்கு இறக்கினால் ஆட்களை எடுத்துவிடலாம், ஆனால் அதற்கே எரிபொருள் தீர்ந்துபோகும். மறுபடி ஏற்ற முடியாது, விழ வேண்டியதுதான்.

"கசியுதோ கசியலையோ, பேரு போதும்," என்றார் கஸ்பார். "சங்குமுனை மீன்னு சொன்னா எந்த ஏலக்காரன் கையால தொடுவான்?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் செண்பகவல்லி கோப்பைத் திறந்தாள். திட்டத்துக்கு ஒரு ஆலோசகர் இருந்தார். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கரையோர ஊர்களைப் பற்றி இருநூறு பக்க அறிக்கை எழுதியவர். சங்குமுனைக்கு அவர் ஒதுக்கியது அரைப் பக்கம். அதில் ஒரு வரிக்கு நீலமேகம் பச்சை மையில் அடிக்கோடு போட்டுக் கொடுத்திருந்தார்: 'கடலில் ஆள் தொலைந்தால், காப்பாற்ற ஊரே தொழிலை நிறுத்திவிட்டுப் போகும் வழக்கம் உண்டு.'

அவள் மேடையை விட்டு இறங்கி, போலீஸ்காரர்களைத் தாண்டி, மணலுக்கு வந்தாள்.

"உங்க ஊர்ல கடல்ல ஒரு ஆள் தொலைஞ்சா என்ன செய்வீங்க?"

ஒரு பெண் காறித் துப்பினாள்.

"மேலே நாலு பேர் இருக்காங்க. இன்னும் இருபத்தாறு நாளைக்குத்தான் காத்து. பேசுற ஆன்டெனா பழுது, எழுத்துலதான் செய்தி வருது. நேத்து பொன்னரசின்னு ஒரு பொண்ணு எழுதியிருக்கா. 'சுற்றி வரும்போதெல்லாம் உங்கள் கரை தெரிகிறது. எங்களை விட்டுவிடாதீர்கள்.'" செண்பகவல்லிக்கு இது நடிப்பில்லை. அந்தப் பெண்ணுக்கு உலைப் பாடம் எடுத்தவள் அவள்தான். "சட்டம் பேச வரலை. அவங்களை எடுக்கணும், வாங்கன்னு உங்களைக் கூப்பிடுறேன்."

கஸ்பார் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு மணி நேரம் அவர்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. பெண்கள்தான் அதிகம் கத்தினார்கள். கடைசியில் நீளமான மேஜையில் பதிவேட்டை வைத்து ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். யாரும் செண்பகவல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை. மீன் வாடையடிக்கும் கையோடு ஒருத்தி பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்த நாலு பேருக்காவ. ஒனக்காவ இல்ல."

அது போதும் என்று செண்பகவல்லிக்கு இருந்தது.

மறுநாள் காலையில் கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்ததும், சம்மதம் கிடைத்ததை மேலே இருக்கிறவர்களுக்குத் தானே எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டாள். நீலமேகத்தின் உதவியாளர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். சரி என்று தன் மேஜைக்குப் போய் உலையின் திரையைத் திறந்தாள். பத்து நாளாகக் கூட்ட ஏற்பாட்டில் அலைந்ததில் அதைப் பார்க்கவே நேரமில்லை. அவளை அலையவிட்டதே அதற்குத்தான் என்பது பிறகு புரிந்தது.

உலை மெல்லிய தணலில் எரிந்து அறைக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த மின்சாரம் விளக்காகவும் கருவியாகவும் ஓடிச் சூடாக மாறும். அந்தச் சூட்டை அறையிலிருந்து வெளியே தள்ள ஒரு அமைப்பு, எவ்வளவு தள்ளுகிறது என்று காட்ட ஒரு எண். எண் குறைந்திருந்தது. விளக்கை அணைத்திருப்பார்கள் என்று பார்த்தாள். விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. கருவிகளும் அப்படியே. பதினோரு நாளைக்கு முன்னால் ஒரு பிற்பகலில், அரை மணி நேரத்துக்குள், நானூறு வாட் குறைந்து அப்படியே நின்றுவிட்டது.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷ உடம்பு ஒரு நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு விடும். முதல் வருடப் பாடம். பொன்னரசிக்கே அதை அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மூன்று தரம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாலு பேர்தான் வந்தது.

நீலமேகம் டில்லியிலிருந்து வந்துவிட்டிருந்தார். கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"சார், அந்த ரூம்ல எத்தனை பேர் மூச்சு விடுறாங்க?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பொய் சொல்லிப் பார்க்கவில்லை. அந்த மட்டுக்கும் மரியாதை வைத்திருந்தார்.

"பூட்டை உள்ளேருந்து தட்டி விடப் பார்த்தாங்க. ரூம் ஓரத்துல விரிசல் விட்டுடுச்சு. காத்து பூராப் போயிடுச்சு."

"வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

"நேத்து நான் வாசிச்சேனே, பொன்னரசி எழுதினது. அதை யார் எழுதினது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "நல்லா எழுதியிருந்ததுன்னு கலெக்டரே சொன்னார்."

செண்பகவல்லிக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. பதினெட்டு வருடத்தில் அவரிடம் குரல்கூட உயர்த்தியதில்லை.

"செத்துப்போனவங்களுக்காக எதுக்கு சார் உலையை இறக்குறோம்?"

"ரெண்டாவது கப்பல் கட்டி முடிச்சு நிக்குது. அதுலயும் இதே பூட்டு. முந்நூறுக்கு இறக்கி, கிட்டப் போய்ப் பார்த்தாத்தான் எங்கே தப்புன்னு தெரியும். அடுத்த நாலு பேரும் சாகக் கூடாதுன்னா வேற வழி இல்ல. சொல்லு, இதுல என்ன தப்பு?"

முழுக்கத் தப்பாக இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"இதையே அங்கே சொல்லியிருக்கலாமே."

"பொணத்துக்காக உலையை இறக்குறோம்னு சொன்னா எவன்மா கையெழுத்துப் போடுவான்? உயிர்னு சொன்னதாலதான் போட்டாங்க. நீ நம்பிச் சொன்னதாலதான் அவங்களும் நம்பினாங்க. நான் போயிருந்தா என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பாங்க."

பாராட்டாகத்தான் சொன்னார். அவள் நேராக வெளியே வந்து வண்டியை எடுத்தாள்.

கஸ்பார் கரையில் படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெற்றில்டா, கையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு. செண்பகவல்லி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தனக்குத் தெரியாது என்பதையும் சொன்னாள், அதைச் சொல்லும்போது அவளுக்கே கேவலமாக இருந்தது.

கஸ்பார் துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"பேரு என்ன, நாலு பேருக்கும்?"

"பொன்னரசி, இம்தியாஸ், ராஜ்தீப், சுபாங்கி."

மெற்றில்டா விடைத்தாள் கட்டின் மேலட்டையில் அதை எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவள் முகம் கூட்டத்தில் இருந்ததைவிடக் கடுமையாக இருந்தது.

"போன வருசம் எட்வின்னு ஒரு பையன் கடல்ல தொலைஞ்சான். ஒம்பது நாள் ஊரு பூரா தேடினோம். ஒம்பது நாள் தண்ணியில எவன் மேடம் உசுரோட கெடப்பான்? ரெண்டாம் நாளே எல்லாருக்கும் தெரியும். ஒடம்புக்குத்தான் தேடினோம். எங்க ஊர்ல தேடுறதே ஒடம்புக்குத்தான். உசுரோட இருக்கவன் எங்கயாவது கரையேறிருவான், அவனுக்கு நாங்க எதுக்கு?"

'காப்பாற்ற' என்று எழுதியிருந்தார் அந்த ஆலோசகர். இருநூறு பக்கம் எழுதினவர் ஒருதரம் வந்து கேட்டிருக்கலாம். அவளும் கேட்டிருக்கலாம். கோவில்பட்டியிலிருந்து இந்த ஊர் எழுபது கிலோமீட்டர்தான்.

"பொணம்னு சொல்லிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்போம்," என்றார் கஸ்பார். "கடலக் குடுத்திருப்போம். அதப் பொய் சொல்லி வாங்கிட்டியளே."

அவர் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்றுதான் அவள் நினைத்தாள். அப்படி நடந்திருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவர் மெற்றில்டாவிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். நாலு பேரின் உடல்களை எடுப்பதற்காக எங்கள் கடலில் உலையை இறக்கிக்கொள்ளலாம் என்று எழுதச் சொன்னார். சாயங்காலத்துக்குள் எண்ணூறு பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். தாள் கலெக்டருக்குப் போனது, நகல் பத்திரிகைகளுக்குப் போனது. படகுகளைக் கரையில் ஏற்றிப் போட்டார்கள். உடம்பு வரும்வரை யாரும் வலை இறக்குவதில்லை.

அந்த நாலு பேரின் வீடுகளுக்கும் விஷயம் டிவி மூலம்தான் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் நாள் அரசாங்க அறிக்கை வந்தது. நான்கு உடல்களை மீட்பதற்காகக் கடலோர மக்களின் பாதுகாப்பைப் பணயம் வைக்க முடியாதாம். எட்டு வருடமாக அந்த மக்கள் தொண்டை கிழியக் கத்தியபோது வராத அக்கறை, அவர்களே சம்மதம் என்று எழுதிக் கொடுத்த பிறகு வந்துவிட்டது. உயிர் என்றால் இறக்குவதற்கு ஒரு காரணம் இருந்தது, வெறும் உடம்பு என்று ஊருக்கே தெரிந்த பிறகு அதில் யாருக்கும் பெருமை கிடைக்காது. கப்பலை மிச்ச எரிபொருளைக் கொண்டு இன்னும் மேலே ஏற்றினார்கள். அந்த நாலு பேரும் ஆயிரம் வருடம் சுற்றுவார்கள் என்று ஒரு நிபுணர் டிவியில் சிரித்த முகமாகச் சொன்னார். விசாரணைக் குழுவுக்கு நீலமேகம் தலைவர். ரகசியத்தை வெளியே விட்டதற்காகச் செண்பகவல்லி சஸ்பெண்ட்.

ஒன்பதாம் நாள் மெற்றில்டாவிடமிருந்து போன் வந்தது. "வாங்க," என்றாள். காரணம் சொல்லவில்லை.

படகுகள் போட்டது போட்டபடி கிடந்தன. கரையில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஒன்பது நாளாக அடுப்பு சரியாக எரியாத முகங்கள். ஒரு கைக்குழந்தை ஓயாமல் அழுதுகொண்டிருந்தது, அதன் அம்மா செண்பகவல்லியை முறைத்த முறைப்பில் அவள் நடை தடுமாறியது.

"கப்பலை மேலே ஏத்திட்டாங்க," என்றாள் கஸ்பாரிடம். "இனிமே வராது. நீங்க தொழிலுக்குப் போகலாமே. அரசாங்கத்துலயே சொல்லிட்டாங்க."

"அரசாங்கமா எங்களக் கூப்பிட்டுச்சு? நீ கூப்பிட்ட." நீங்க, மேடம் எல்லாம் போயிருந்தது. "ஒடம்பு கெடச்சா தேடுறது தன்னால நின்னுரும். கெடைக்கலன்னா, கூப்பிட்டவங்க வந்து போதும்னு சொல்லணும். எட்வினுக்கு அவன் பொண்டாட்டிதான் சொன்னா. வேற யார் சொன்னாலும் படகு எறங்காது."

"அவங்க வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வரேன். அவங்க சொல்லட்டும்."

"அவங்க எங்களக் கூப்பிடல."

யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பார்த்தாள். எண்ணூறு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை உயிர் போகலாம், இத்தனை லாபம் வரலாம் என்று பதினெட்டு வருடம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். இன்ன இடத்தில் நிறுத்தலாம் என்று கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். அப்போதெல்லாம் பேர்கள் இருந்ததில்லை, எண்கள்தான் இருந்தன. பொன்னரசி வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருவாள், சந்தேகம் கேட்டுக் கேட்டு உயிரை எடுப்பாள். அவளை விட்டுவிடச் சொல்லித் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை அழுவது நிற்காது.

"போதும்," என்றாள்.

"கேக்கல," என்றார் கஸ்பார்.

"போதும்." இந்த முறை கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். "தேடினது போதும். நிறுத்திக்கோங்க."

ஆண்கள் எழுந்து மணலைத் தட்டிவிட்டுப் படகுகளின் பக்கம் போனார்கள். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரோ நாலு பேரையும் பேர் சொல்லி வேண்டினார்கள், சுபாங்கியின் பேர் மட்டும் வாயில் சரியாக வரவில்லை. செண்பகவல்லி மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

அழுது முடித்து அவள் எழுந்தபோது மெற்றில்டா நின்றுகொண்டிருந்தாள்.

"போதும் சொன்னவங்களத் தனியா அனுப்பக் கூடாது. வீடு வரைக்கும் கொண்டுபோய் விடணும்," என்றாள். "மொறைக்காவத்தான் வாரேன். எங்கிட்ட எதுவும் பேசாதிய."

கோவில்பட்டி வரைக்கும் மெற்றில்டா கூடவே இரண்டு பஸ் மாறி வந்தாள். பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தாள், ஜன்னலைப் பார்த்தபடி. வீட்டு வாசலில் செண்பகவல்லி சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறந்து, உள்ளே கூப்பிடலாமா என்று திரும்புவதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.